ஜார் கொடுத்த இடமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஹன்னெஸ் கொலெமைனன் ஓடிய 5000 மீட்டர் ஓட்டம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஓட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் ‘பின்லாந்தை உலக வரைபடத்தில் ஏற்றியவர்’ என்று அவரைச் சொன்னது எனக்கு ஒட்டவில்லை. அப்போது பின்லாந்து ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. அடிமை நாட்டுக்குத் தனி அணி எப்படிக் கிடைத்தது? ஜார் மன்னர் பார்த்துப் போட்ட பிச்சைதானே? விடுதலை வந்தது 1917இல், ரஷ்யாவில் புரட்சி வெடித்ததால். பதக்கங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? வெள்ளைக்காரன் காலத்தில் நம்மவர்களும்தான் இந்தியா என்ற பெயரில் ஒலிம்பிக்குக்குப் போனார்கள். அதையும் இப்படிக் கொண்டாடுவீர்களா?

எஸ்.,
கோவில்பட்டி

அன்புள்ள எஸ்.,

பதக்கம் விடுதலை வாங்கித் தரவில்லை என்கிறீர்கள். அதில் நமக்குள் சண்டையே இல்லை. ரஷ்யாவில் ஜார் ஆட்சி கவிழாமல் இருந்திருந்தால், கொலெமைனன் முப்பது தங்கம் வென்றிருந்தாலும் 1917 டிசம்பர் 6 அன்று ஹெல்சின்கியில் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறியிருக்காது. ஆனால் ‘பிச்சை’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியாது. அந்த இடத்துக்காக அந்த மக்கள் என்ன பாடுபட்டார்கள் என்று தெரிந்தால் நீங்களும் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வீர்கள்.

1809இல் சுவீடனிடமிருந்து பின்லாந்தை ரஷ்யா பிடித்தது. ஆனால் அதை இன்னொரு ரஷ்ய மாகாணமாக ஆக்கவில்லை. பழைய சட்டங்கள் தொடர்ந்தன, தனி மன்றம் இருந்தது, 1860இலிருந்து மார்க்கா என்ற தனி நாணயமும் வந்தது. இந்த உரிமைகளைப் பறிக்கத்தான் 1899இல் ஜார் இரண்டாம் நிக்கோலஸ் ஓர் ஆணை போட்டார். பின்லாந்தின் மன்றத்தைக் கேட்காமலே சட்டம் போடலாம் என்பது அதன் சாரம். உடனே ஊர் ஊராகக் கையெழுத்து வேட்டை தொடங்கியது. நல்ல குளிர்காலம். பனிச்சறுக்குக் கட்டைகளில் வீடு வீடாகப் போய், இரண்டே வாரத்துக்குள் 5 லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகளைச் சேர்த்தார்கள். மொத்த மக்கள்தொகையே முப்பது லட்சத்தைத் தொடாத நாடு அது! மனுவைக் கொண்டுபோன தூதுக்குழுவை ஜார் பார்க்கக்கூட மறுத்துவிட்டார்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1904இல் ரஷ்ய ஆளுநர் பொப்ரிகோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். 1905இல் பொது வேலைநிறுத்தம். ஜப்பானிடம் தோற்று உள்நாட்டிலும் கலகத்தைச் சந்தித்த ஜார் இறங்கிவந்தார். 1906இல் பின்லாந்துக்குப் புதிய நாடாளுமன்றம் கிடைத்தது, ஐரோப்பாவிலேயே முதல்முறையாகப் பெண்களுக்கும் நாடு முழுவதற்குமான வாக்குரிமை வந்தது. 1908இலிருந்து பிடி மறுபடி இறுகத் தொடங்கியது.

பின்லாந்து ஒலிம்பிக் குழு அமைந்தது 1907 டிசம்பரில். இந்த இரண்டு இறுக்கங்களுக்கும் நடுவே கிடைத்த சின்ன இடைவெளியில். மூன்று வருடம் தள்ளிப்போட்டிருந்தால் அது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவர் பியேர் தெ கூபர்த்தேனின் கொள்கையும் கைகொடுத்தது. விளையாட்டின் வரைபடமும் அரசியல் வரைபடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பது அவர் நிலைப்பாடு. ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்த பொஹீமியாவுக்கும் அதனால்தான் தனி அணி. ஆக, கதவைத் திறந்து வைத்தது கூபர்த்தேன். நுழைவதற்கு ஆளும் சங்கமும் ஆயத்தமாக இருந்தது பின்லாந்துக்காரர்களின் உழைப்பு. ஜார் இதில் எதையும் கொடுக்கவில்லை, தடுக்கத் தவறினார், அவ்வளவுதான்.

பிறகு கொடிப் பிரச்சினை வந்தது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் சொந்தக் கொடி பிடிக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. ரஷ்யக் கொடியின் கீழ் போக அவர்களுக்கு மனமில்லை. கொடியே இல்லாமல் நடந்தார்கள். ஸ்டாக்ஹோமில் நெருக்கடி இன்னும் கூடியது. தொடக்க அணிவகுப்பில் ரஷ்ய அணிக்குப் பின்னால்தான் அவர்கள் வரவேண்டியிருந்தது. வென்றால் ரஷ்யக் கொடிதான் ஏறும். கொலெமைனன் அந்தக் கொடியைப் பார்த்து, ஜெயிக்காமலே இருந்திருக்கலாம் என்று வருந்தியதாகச் சொல்வார்கள். அவர் வார்த்தை எப்படி இருந்திருந்தாலும், அந்த வருத்தம் நிஜம்.

ஆனால் முடிவுப் பட்டியலில் பின்லாந்துக்குத் தனி வரி. நான் கொண்டாடுவது அந்த வரியைத்தான். பின்லாந்து, ரஷ்யா இரண்டுமே ஏறத்தாழ 160 பேரைக் கொண்டுவந்தன. ரஷ்யப் பேரரசின் மக்கள்தொகை அப்போது 16 கோடிக்கு மேல். அந்தப் பேரரசுக்கு ஒரு தங்கம்கூட இல்லை, 2 வெள்ளி, 3 வெண்கலம். பின்லாந்துக்கு 9 தங்கம், 8 வெள்ளி, 9 வெண்கலம். இரண்டு கையாலும் ஈட்டி எறியும் போட்டி என்று ஒன்று அந்த ஒலிம்பிக்கில் இருந்தது, அதில் முதல் மூன்று இடமும் பின்லாந்துக்கே. வட்டு எறிதலில் அர்மாஸ் தைபாலெ 2 தங்கம். மல்யுத்தத்தில் 3 தங்கம். கால்பந்தில் ரஷ்யாவையே 2–1 என்று தோற்கடித்து அரையிறுதிக்குப் போனார்கள். அன்று ஹெல்சின்கியில் எத்தனை வீடுகளில் சிரிப்புச் சத்தம் கேட்டிருக்கும்!

கொலெமைனனைப் பற்றி ஏற்கெனவே எழுதிவிட்டேன். விட்டுப்போன ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 5000 மீட்டரில் பிரான்சின் ழான் பூவாங்கை அவர் முந்தியது விநாடியில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில். 14 நிமிடம் 36.6 விநாடி, உலக சாதனை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் 10,000 மீட்டரில் தங்கம் வாங்கியிருந்தார். பிறகு 3000 மீட்டர் அணி ஓட்டத்தின் தகுதிச் சுற்றில் இன்னொரு உலக சாதனை, கடைசியாகக் க்ராஸ் கண்ட்ரி ஓட்டத்தில் மூன்றாவது தங்கம். எல்லாம் ஒன்பது நாளுக்குள்.

ஆனால் உங்கள் கேள்விக்கான உண்மையான பதில் ஓட்டப் பாதையில் இல்லை, மல்யுத்த விரிப்பில் இருக்கிறது. கிரேக்க-ரோமன் மல்யுத்தம், நடுத்தர எடைப் பிரிவு, அரையிறுதி. ஒரு பக்கம் பின்லாந்தின் ஆல்ஃப்ரெட் அசிகைனன். மறுபக்கம் ரஷ்யாவின் மார்ட்டின் க்ளைன். திறந்தவெளி மைதானம், ஜூலை வெயில். இடையிடையே கொஞ்சம் ஓய்வு, மறுபடி பிடி. இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. 11 மணி நேரம் 40 நிமிடம் கழித்துத்தான் க்ளைன் எதிராளியை வீழ்த்தினார். அதன்பிறகு இறுதிப் போட்டிக்கு வர அவர் உடம்பில் தெம்பில்லை. சுவீடன் வீரர் க்ளேஸ் யோஹான்சனுக்குத் தங்கம், க்ளைனுக்கு வெள்ளி, அசிகைனனுக்கு வெண்கலம்.

இதை வினோதச் செய்தியாக, ‘உலகின் மிக நீண்ட குஸ்தி’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். க்ளைன் யார் என்று யாரும் கேட்பதில்லை. அவர் ரஷ்யர் இல்லை, எஸ்டோனியர். ஹெல்சின்கியிலிருந்து கடலைத் தாண்டினால் 80 கிலோமீட்டரில் எஸ்டோனியா. இரு மக்களின் மொழியும் ஒரே குடும்பம். இருவருக்கும் ஒரே ஜார். பதினொன்றரை மணி நேரத்துக்கும் மேல் சளைக்காமல் மோதிய இரண்டு பேரில் ஒருவர் வாங்கிய பதக்கம் அவர் நாட்டின் பெயரில் ஏறியது, இன்னொருவருடையது ரஷ்யாவின் கணக்கில் ஏறியது. ஏன் இந்த வித்தியாசம்? திறமையிலோ தேசப்பற்றிலோ எஸ்டோனியர்கள் குறைந்தவர்கள் இல்லை. அவர்கள் நிலம் இரண்டு ரஷ்ய மாகாணங்களாகப் பிரிந்து கிடந்தது, அதிகாரம் ஜெர்மானிய நிலப்பிரபுக்களிடம் இருந்தது. எஸ்டோனியா என்ற ஒரு முழு நாட்டுக்கு நிர்வாகத்திலேயே இடமில்லாதபோது, ஒலிம்பிக் குழு எங்கிருந்து வரும்?

நீங்கள் பின்லாந்தையும் ரஷ்யாவையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிறீர்கள். நான் அசிகைனனையும் க்ளைனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அப்போதுதான் அந்தத் தனி வரியின் மதிப்பு தெரிகிறது. விடுதலைக்கு முன்னாலேயே ஒரு மக்கள் தங்கள் பெயரில் எண்ணப்படுவது சாதாரண விஷயம் இல்லை. அது இல்லாதவனுக்கே அதன் அருமை தெரியும். அந்த வருடம் பின்லாந்தின் துர்கு நகரில் 15 வயதுப் பையன் ஒருவன் கொலெமைனனின் வெற்றிகளைக் கேட்டுத்தான் தீவிரமாக ஓட ஆரம்பித்தான், பின்னாளில் 9 ஒலிம்பிக் தங்கம் வென்ற பாவோ நுர்மி அவன்தான். செய்தியில் ‘ரஷ்ய வீரர் வென்றார்’ என்று மட்டும் வந்திருந்தால் அவனுக்கு அந்த வேகம் வந்திருக்குமா?

இனி இந்தியா. ஆமாம், கொண்டாடுவேன், ஒரு வித்தியாசத்தை மறக்காமல். பின்லாந்துக்குத் தனிச் சட்டமும், எல்லா வயதுவந்தோரும் வாக்களித்த நாடாளுமன்றமும் இருந்தன. 1920இல் நமக்கு அப்படி எதுவும் இல்லை. பெயர் இருந்தது, அதற்குப் பின்னால் மக்களின் அரசு இல்லை. ஆனாலும் புனேயில் ஓட்டக்காரர்களைப் பார்த்த தொழிலதிபர் தொராப்ஜி டாட்டா, இவர்களை அந்த வருட ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு அனுப்ப வேண்டும் என்று முனைந்து பணமும் போட்டார். அதை நான் எப்படிக் குறைத்துச் சொல்ல முடியும்? கொடித் துயரம் நமக்கும் இருந்தது. 1936 பெர்லினில் ஹாக்கி இறுதிப் போட்டிக்கு முன், உடை மாற்றும் அறையில் துணை மேலாளர் பங்கஜ் குப்தா காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்துக் காட்ட, தயான் சந்தின் அணி அதற்கு வணக்கம் செலுத்திவிட்டு இறங்கி ஜெர்மனியை 8–1 என்று வென்றது.

அந்த ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கின் மாரத்தான் 1920 ஆகஸ்ட் 22 அன்று நடந்தது. வழக்கத்தைவிட நீளமான பாதை, 42.75 கிலோமீட்டர். முதலில் வந்தவர் அதே கொலெமைனன், இந்த முறை சுதந்திர பின்லாந்தின் கொடிக்காக. அவருக்குப் பின்னால், 13 விநாடிகூட முழுதாக இல்லாத இடைவெளியில் வந்தவர் யூரி லோஸ்மன், எஸ்டோனியாக்காரர். எட்டு வருடத்துக்கு முன் க்ளைனுக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்தது. அவர் பெயருக்கு எதிரே எஸ்டோனியா என்றே எழுதினார்கள்.

அதே ஓட்டத்தில் 19ஆவதாக வந்தவர் பெல்காமைச் சேர்ந்த ஃபடெப்பா சௌகுலே, இந்தியா. இரண்டு மணி 50 நிமிடம் சொச்சம். அவரைப் பற்றி நம் பக்கத்தில் யாரும் விரிவாக எழுதியதாகத் தெரியவில்லை. உங்களுக்கு மராத்தியோ கன்னடமோ படிக்கத் தெரிந்த நண்பர்கள் இருந்தால் சொல்லுங்கள், பழைய பத்திரிகைகளில் தேடிப் பார்க்கலாம்.

அன்புடன்.