காப்பர் சல்ஃபேட் விளைச்சல் 127.5 சதவீதம் வந்தது ஏன்?

தம்பி, 6.0 கிராம் காப்பர் ஆக்சைடும் 1.0 மோலார் சல்ஃபூரிக் அமிலம் 50 மில்லிலிட்டரும் சேர்த்து 10.2 கிராம் படிகம் எடுத்திருக்கிறீர்கள். நல்ல சோதனை. கணக்கில் ஓர் எண்தான் தவறு.

ஆக்சைடு 6.0 ÷ 80 = 0.075 மோல். அமிலம் 1.0 × 0.050 = 0.050 மோல். சமன்பாட்டில் ஒன்றுக்கு ஒன்று. எனவே அமிலமே முதலில் தீரும், அதுதான் கட்டுப்படுத்தும் வினைபொருள். இதுவரை நீங்கள் செய்தது சரி. பிறகு 160ஆல் பெருக்கி, கிடைக்க வேண்டியது 8.0 கிராம் என்று எழுதிவிட்டீர்கள். 10.2 ÷ 8.0 என்று வகுத்ததால்தான் 127.5 சதவீதம் வந்தது. 160 நீரற்ற வெள்ளைத் தூளுக்கு உரியது. உங்களிடம் இருப்பது ஐந்து நீர் மூலக்கூறு சேர்ந்த நீலப் படிகம். மோலார் நிறை 250. ஆக 0.050 × 250 = 12.5 கிராம், விளைச்சல் 81.6 சதவீதம். மீதி பெரும்பாலும் வடிநீரில் கரைந்தே நிற்கும்.

அந்த 10.2 கிராமிலும் ஈரம் இருக்கலாம். சுங்கை சிப்புட் மழைக்காலக் காற்றில் படிகம் சீக்கிரம் காயாது. வடிதாள்களுக்கு இடையே ஒற்றி, மறுநாள் திரும்ப நிறுத்துப் பாருங்கள். சூடாக்கிக் காயவைக்கவே வேண்டாம். படிக நீரும் போய் வெளுத்துவிடும்.

வடிதாளில் தங்கிய கறுப்புத் தூளைக் கழுவிக் காயவைத்து நிறுங்கள். 0.025 × 80, அதாவது சுமார் 2.0 கிராம் இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் வினை முடியவில்லை. அடுத்த முறை அமிலத்தைச் சூடாக்கி இன்னும் நன்றாகக் கலக்குங்கள்.

தேர்வில் நைட்ரிக் அமிலம் கொடுத்தால் கவனம்: ஒரு மோல் ஆக்சைடுக்கு இரண்டு மோல் அமிலம் வேண்டும். அதே 0.050 மோல் அமிலம் 0.025 மோல் உப்பே தரும்.