பழைய கிராமத்து மர வீட்டைப் பிரித்து, வேறு இடத்தில் ஓவியர்களும் சிற்பிகளும் வேலை செய்யும் கலைக்கூடமாக எழுப்பலாமா?

எழுப்பலாம். நானும் சில நண்பர்களும் அப்படி எழுப்பிய வீட்டில்தான் வேலை செய்கிறோம். ஆனால் அந்த வீடு இருக்கும் இடத்திலேயே நிற்க வழி இருந்தால், தயவுசெய்து நகர்த்தாதீர்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான, 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமே, காப்பாற்றுவதற்கு அவசியம் என்றாலோ மிகப் பெரிய தேசிய, சர்வதேசக் காரணம் இருந்தாலோ ஒழிய, பழைய கட்டடத்தை அதன் இடத்திலிருந்து பெயர்க்கக் கூடாது என்கிறது. எங்கள் வீடு நின்ற இடத்தில் சாலை வரவிருந்தது, அதனால் எடுத்தோம்.

பிரிப்பதை விட முக்கியம் குறித்து வைப்பது. ஓடு, கைமரம் (ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டம்), உத்திரம், தூண் என்று கட்டிய வரிசைக்குத் தலைகீழாகத்தான் இறக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, அதே எண்ணை வரைபடத்திலும் எழுதி, மூட்டுகளைப் பிரிப்பதற்கு முன்பே எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிட வேண்டும். நாங்கள் கைமரங்களில் சுண்ணக்கட்டியால் எண் போட்டோம், ஒரே இரவு மழையில் பாதி அழிந்துவிட்டது, எது எங்கே என்று பொருத்திப் பார்ப்பதிலேயே பல நாள் போனது. உலோக வில்லையில் எண் பொறித்துக் கட்டித் தொங்கவிடுங்கள். பழைய தச்சர்கள் மூட்டுகளில் வெட்டிவைத்த அடையாளக் கோடுகள் இருந்தால் அவற்றைச் சுரண்டிவிடாதீர்கள், அந்த வீட்டைக் கட்டியவர் கைப்பட எழுதியது அது. மண் சுவரை அப்படிப் பெயர்த்து எடுத்துவர முடியாது, புதிதாகத்தான் வைக்க வேண்டும்.

அவசரமும் வேண்டாம். சீனாவின் ஹுவாங்சுன் கிராமத்திலிருந்து 1997இல் பிரித்த யின் யூ தாங் வீடு, அமெரிக்காவின் சேலம் நகர அருங்காட்சியகத்தில் திறக்கப்பட்டது 2003இல்.

அப்புறம் வெளிச்சம். பழைய வீடுகள் இருட்டாகத்தான் இருக்கும், ஓவியருக்கோ நாள் முழுக்க மாறாத வெளிச்சம் வேண்டும். அதற்காகச் செதுக்கு வேலை உள்ள சுவரை உடைத்துப் பெரிய ஜன்னல் வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு வலித்தது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே தள்ளிப் போகப் போக, வடக்குப் பக்கம் நேர் வெயில் குறைவாக விழும், வெளிச்சமும் அதிகம் மாறாது; அப்படிப்பட்ட ஊர்களில் இருப்பவர்கள், கூரையின் வடக்குச் சரிவில் சில ஓடுகளை மட்டும் எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்தாலே போதும், நாளைக்கு வேண்டாம் என்றால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

எல்லா வேலையையும் அந்த வீட்டுக்குள்ளேயே திணிக்கவும் கூடாது. ஜப்பானின் முரே ஊரில் சிற்பி இசாமு நொகுச்சி பழைய வணிகர் வீடு ஒன்றைக் கொண்டுவந்து எழுப்பினார், அதில் குடியிருந்தார். கல் செதுக்கியது வெளி முற்றத்திலும் கொட்டகையிலும். சரியான முடிவு அது. கல் தூசியையும் கனத்தையும் பழைய மரத் தரை ஏன் தாங்க வேண்டும்?

எண்ணெய் வண்ணம் தீட்டுபவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: வண்ணத்தில் சேரும் ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். மர வீட்டில் அந்தத் துணிகளை மூடியுள்ள இரும்பு டப்பாவில், தண்ணீரில் போட்டுத்தான் வைக்க வேண்டும், அதுவும் வீட்டுக்கு வெளியே.