அடைத்த குழாயில் என்ன ஊற்றினீர்கள்? – கேள்வி பதில்

கழிவுநீர்க் குழாய் வேலையில் 22 ஆண்டுகள் கழித்துவிட்டேன். வீட்டு அடைப்புகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். அடைப்பினால் யாருக்கும் காயம் ஏற்படுவதில்லை, அதை எடுக்கும் அவசரத்தில்தான் கண்ணும் கையும் மூச்சும் பாழாகின்றன. ஆகவே சில இடங்களில் கண்டிப்பாகத்தான் பேசுவேன்.

கேள்வி: சமையலறைத் தொட்டியில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது. முதலில் எதை ஊற்றுவது?

எதையும் ஊற்றாதீர்கள். தொட்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். வளைந்த குழாயோ குப்பி போன்ற ஒன்றோ இருக்கும். அதைத்தான் ட்ராப் என்கிறோம். எண்ணெய்ப் பிசுக்கும் உணவுத் துகளும் முதலில் தங்குவது அங்கேதான். அடியில் ஒரு வாளியை வைத்து, கையுறை போட்டுக்கொண்டு மரையைத் திருகிக் கழற்றுங்கள். பிளாஸ்டிக் மரையாக இருந்தால் பெரும்பாலும் கையாலேயே திருகலாம். உள்ளே இருப்பதை வழித்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். ரப்பர் வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதைக் கழற்றும்போதே கவனித்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டியதும் தண்ணீரைத் திறந்துவிட்டு, உலர்ந்த காகிதத்தால் மூட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். காகிதம் நனைந்தால் இன்னும் கொஞ்சம் முறுக்க வேண்டும்.

கேள்வி: கொதிக்கும் நீரை ஊற்றினால் பிசுக்கு கரைந்துவிடாதா?

கரையும், ஆனால் குழாயும் இளகும். பிவிசி குழாய் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் தன் உறுதியை இழக்கத் தொடங்குகிறது, மூட்டுகள் விட்டுப்போகும். பீங்கான் கழிப்பறைக் கோப்பையில் கொதிநீர் ஊற்றினால் கோப்பையே விரிசல் விடலாம். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் போதும்.

கேள்வி: சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு அடைப்பைத் தள்ளிவிடும் என்கிறார்களே?

நுரை பார்க்க நன்றாக இருக்கும். அந்த வாயு கரியமில வாயு; திறந்த துளை வழியாக மேலே போய்விடும், அடைப்பைத் தள்ளும் வலு அதற்கு இல்லை. இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது ஒருவகை உப்புக் கரைசல். ஆபத்தில்லாத முயற்சி என்பதால் தடுக்க மாட்டேன். ஆனால் பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ முன்பே போட்டிருந்தால் வினிகர் பக்கம் போகவே கூடாது.

கேள்வி: நேற்றிரவு காஸ்டிக் சோடா போட்டேன். தண்ணீர் அப்படியே நிற்கிறது. இப்போது ஆசிட் ஊற்றலாமா?

கூடாது. தயவுசெய்து கூடாது.

காஸ்டிக் சோடா தண்ணீரில் கரையும்போதே கொதிக்குமளவு சூடாகும். அதன்மேல் ஆசிட் விழுந்தால் கலவை பொங்கி உங்கள் முகத்தை நோக்கித் தெறிக்கும். தண்ணீர் ஓரளவாவது ஓடும் குழாயில்தான் காஸ்டிக் வேலை செய்யும். முழுதாக அடைத்த குழாயில் அது நகராமல் நிற்கும்; சில வேளை பிசுக்கோடு சேர்ந்து கல்லாக இறுகிவிடும். இப்போது உங்களிடம் இருப்பது ஒரு குழாய் நிறையக் காரம், அதாவது காஸ்டிக் கரைசல். பிளஞ்சர் (கைப்பிடி வைத்த ரப்பர் கிண்ணம்) போட்டு அழுத்தாதீர்கள், ட்ராப்பைத் திறக்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள். பிளம்பரை அழைக்கும்போது முதல் வாக்கியமாகவே என்ன போட்டீர்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். டப்பாவைத் தூக்கி எறியாமல் அவரிடம் காட்டுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் ட்ராப்பைக் கழற்றினேன். "வெறும் தண்ணீர்தான் நிற்கிறது" என்று சொல்லியிருந்தார்கள். அது காஸ்டிக். மணிக்கட்டில் தோல் வழுவழுப்பாக இருந்ததே தவிர உடனே எரியவில்லை. எரிச்சல் தொடங்கியபோது புண் ஆழமாகிவிட்டது. சொல்லக் கூச்சப்பட்டு மறைத்திருக்கிறார்கள். கூச்சமே வேண்டாம். ஊற்றாத வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேள்வி: அப்படித் தெறித்துவிட்டால் என்ன செய்வது?

தண்ணீர், உடனே, நிறைய. கண்ணில் பட்டால் இமைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு ஓடும் நீரில் 20 நிமிடமாவது கழுவிவிட்டு, நேராக மருத்துவமனைக்குப் போங்கள். காரம் ஆசிட்டைவிடக் கண்ணுக்குள் ஆழமாக ஊடுருவும். வலி குறைந்தது என்று நிறுத்திவிடாதீர்கள். தோலில் பட்டால் நனைந்த துணியைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். காரத்தை முறிக்கிறேன் என்று காயத்தின்மேல் வினிகர் ஊற்ற வேண்டாம். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; போன வழியெல்லாம் வெந்தது போதாதென்று திரும்பி வரும்போதும் வெந்துவிடும்.

கேள்வி: தரைத் துளையில் பிளீச்சிங் பவுடர் போட்டு, மேலே கழிப்பறை ஆசிட் ஊற்றினேன். மூக்கு எரிந்து இருமல் வந்தது. இப்போது பரவாயில்லை. கவலைப்பட வேண்டுமா?

நீங்கள் சுவாசித்தது குளோரின் என்ற நச்சு வாயு. காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தங்கும். துளையருகே குனிந்தவருக்கு நேராக மூக்கில் ஏறும். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு இறுகினாலோ, இருமல் திரும்பினாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போய் இரண்டின் பெயரையும் சொல்லுங்கள். மறுபடி இப்படி நேர்ந்தால் துடைக்க நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: பிளஞ்சர் வாங்கினேன். எவ்வளவு அழுத்தியும் பயனில்லை.

அழுத்தம் எங்கோ கசிகிறது. கைகழுவும் தொட்டியின் மேல்விளிம்பருகே ஒரு சிறு துளை இருக்கும். அதை ஈரத்துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். இரட்டைத் தொட்டி என்றால் மற்றதன் துளையையும் அடைக்க வேண்டும். ரப்பர் கிண்ணம் மூழ்குமளவு தண்ணீர் நிற்கட்டும். முதல் அழுத்தம் மெதுவாக, உள்ளிருக்கும் காற்று வெளியேறும்படி. பிறகு விளிம்பு விலகாமல் இருபது முறை. பலரும் தள்ளுவதிலேயே பலத்தைச் செலவழிக்கிறார்கள்; இழுப்பதற்கும் அதே பலம் வேண்டும், ஏனென்றால் அடைப்பு பெரும்பாலும் அசைந்து கொடுப்பது இழுக்கும்போதுதான்.

கேள்வி: குளியலறையில் முடி அடைப்பு?

சல்லடையைக் கழற்றி, பற்கள் வைத்த பிளாஸ்டிக் பட்டையை விட்டு மெல்ல இழுங்கள். ஐந்து நிமிட வேலை.

கேள்வி: அடைப்பே இல்லை, ஆனால் விருந்தினர் குளியலறையில் நாற்றம்.

புழங்காததால் ட்ராப்பில் இருந்த நீர் வற்றியிருக்கும். சாக்கடை வாயுவைத் தடுப்பது அந்த நீர்தான். ஒரு குவளை ஊற்றிவிட்டு மறுநாள் பாருங்கள்.

கேள்வி: கழிப்பறையில் தண்ணீர் விட்டால் குளியலறைத் தரையில் பொங்குகிறது.

இரண்டும் சேரும் பெரிய குழாயில் அடைப்பு இருக்கிறது. வீட்டில் எல்லோரும் தண்ணீர் புழங்குவதை நிறுத்துங்கள். சுருள்கம்பி இயந்திரம் வைத்திருப்பவரை அழையுங்கள்.

கேள்வி: வெளியே செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. ஒருவர் உள்ளே இறங்கிச் சுத்தம் செய்கிறேன் என்கிறார். அனுமதிக்கலாமா?

வேண்டாம். அவரே விரும்பினாலும், பத்து முறை இறங்கிய அனுபவம் இருந்தாலும், முகத்தில் துணி கட்டியிருந்தாலும் வேண்டாம். அங்கே தேங்குவது ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். செறிவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. "இப்போது வாடை போய்விட்டது" என்று இறங்குகிறவர் அப்படியே சரிந்துவிடுவார். அவரைத் தூக்கக் குதிப்பவரும் சரிவார். உறிஞ்சும் லாரியை அழைத்துக் குழாயை மட்டும் உள்ளே விடச் சொல்லுங்கள். மூடி திறந்திருக்கும்போது யாரும் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டாம், அருகே நெருப்புப் பற்றவைக்கவும் வேண்டாம், தீப்பற்றும் மீத்தேன் வாயுவும் அங்கே இருக்கும். யாரேனும் ஏற்கெனவே உள்ளே விழுந்திருந்தால் நீங்கள் இறங்காதீர்கள். மேலே நின்றபடியே தீயணைப்பு மீட்புப் படையை அழையுங்கள். இறங்குகிறேன் என்ற அந்த மனிதருக்கு இப்போதே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.