பழைய ஸ்டீல் ஃப்ரேமில் புதுப் பாகங்கள்: கேள்வி பதில்

பழைய ஸ்டீல் ரோடு சைக்கிள்களைப் பிரித்து மாட்டுவதில்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் போகின்றன. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எதை வாங்கும் முன்னும் ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: என்னுடையது 1984ஆம் ஆண்டு ஃப்ரேம். பின்சக்கரம் உட்காரும் இடைவெளி 126 மி.மீ. வாங்க நினைக்கும் 11 ஸ்பீடு (பின்னால் 11 பல்சக்கரம்) சக்கரத்துக்கு 130 வேண்டும். ஃப்ரேமை விரிக்கலாமா?

ஸ்டீல்தானே, தாராளமாக விரிக்கலாம். அலுமினியமோ கார்பனோ என்றால் தொடவே கூடாது. பக்கத்துக்கு 2 மி.மீ. தான் வித்தியாசம் என்பதால் பலர் ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துப் பிடித்துச் சக்கரத்தை நுழைத்துவிடுகிறார்கள். வண்டி ஓடும். ஆனால் டிராப்அவுட் (சக்கரத்தின் ஆக்சில் உட்காரும் காடி) இரண்டும் இணையாக நிற்காது, ஆக்சிலுக்கு அது நல்லதல்ல. மழையில் ரோட்டோரம் பஞ்சர் பார்க்கும்போது இன்னும் சிரமம். நிரந்தரமாக விரித்துவிடுவதுதான் சரி என்பேன்.

நடுவில் மரைக்கம்பி வைத்து இரண்டு பக்கத்தையும் ஒரே சமயத்தில் தள்ளாதீர்கள். இரு பக்கக் குழாய்களும் ஒரே அளவு விறைப்பாக இருக்காது; இளகிய பக்கமே எல்லா வளைவையும் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு பக்கமாகச் செய்யுங்கள். முதலில் ஃப்ரேமின் முன்முனைக் குழாயான ஹெட் டியூபைச் சுற்றி ஒரு நூலைப் போட்டு, அதன் இரு முனைகளையும் பின் டிராப்அவுட்டுகளில் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். சீட்டுக்குக் கீழே உள்ள சீட் டியூபுக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளந்தால் ஃப்ரேம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். என்னிடம் வந்த ஒரு ஃப்ரேமில் இடது பக்கம் 31, வலது பக்கம் 29. அதில் வலது பக்கத்தை மட்டும் விரித்தாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது.

அழுத்தும்போது முதலில் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். ஸ்டீல் பழைய இடத்துக்கே திரும்பி வந்து நிற்கும். பொறுமை போய் ஓங்கி அழுத்திவிடுவது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக அழுத்துங்கள், விட்டுவிட்டு அளந்து பாருங்கள். முடிந்ததும் டிராப்அவுட்டை இணையாக்கவும், டிரெய்லியர் (கியர் மாற செயினைத் தள்ளும் பாகம்) தொங்கும் காதை நேராக்கவும் கடைக்குக் கொண்டுபோங்கள். அதற்குத் தனிக் கருவி உண்டு. 11 ஸ்பீடில் ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு 4 மி.மீ.கூட இல்லை. காது கொஞ்சம் கோணினாலும் கியர் ஒழுங்காக விழாது.

கேள்வி: இருக்கிற சக்கரத்தில் மரை போட்ட ஃப்ரீவீல். அதிலேயே 10 ஸ்பீடு கேசட் போட முடியுமா?

முடியாது. ஃப்ரீவீல் என்ற பல்சக்கரத் தொகுதி ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பாகம்) மரையில் திருகி உட்காரும்; கேசட் என்ற தொகுதி ஹப்போடே வரும் ஃப்ரீஹப்பின் மேல் சொருகி உட்காரும். அதற்கு வேறு ஹப் வேண்டும். மாற்றிவிடுங்கள். ஃப்ரீவீல் ஹப்பில் வலது பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் ஆக்சில் வளைவது அடிக்கடி நடக்கும்.

கேள்வி: பாரிஸில் ஒரு பழைய சாமான் சந்தையில் 1970களின் பியூஜோ பிஎக்ஸ்-10 கிடைத்தது. பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் பேரிங் பகுதி) ஆட்டம் காண்கிறது. சாதாரண கார்ட்ரிட்ஜ் (பேரிங்கும் அச்சும் ஒரே தொகுதியாக வருவது) போடலாமா?

நல்ல வண்டி, ரெனால்ட்ஸ் 531 என்ற ஸ்டீல் குழாய். அதனால்தான் சொல்கிறேன், சாதாரண கார்ட்ரிட்ஜை அதில் திருகிவிடாதீர்கள். கடைகளில் பரவலாகக் கிடைப்பது ஆங்கில மரை: 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. உங்களுடையது பிரெஞ்சு மரை: 35 மி.மீ., 1 மி.மீ. பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்). 1.37 அங்குலம் என்பது 34.8 மி.மீ. இவ்வளவு நெருக்கமாக இருப்பதுதான் ஆபத்து. முதல் சில சுற்றுகள் சுலபமாகப் போகும், அப்புறம் இறுகும். என் முதல் பிரெஞ்சு ஃப்ரேமைக் கொடுத்திருந்த கடையில், இறுகியதும் நீள ஸ்பேனரைப் போட்டு அழுத்தினார்கள். வெளியே எடுத்தபோது பழைய மரை சுருள் சுருளாகக் கப்போடு (ஃப்ரேமில் திருகும் வளையம்) வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில், மரையே தேவைப்படாமல் இரு முனையும் ஒன்றோடொன்று திருகி இறுகிக்கொள்ளும் வகையைப் போட்டு ஓட்டினேன்.

பழைய கப்பின் முகத்தில் ‘35x1’ என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். இன்னொன்று: ஆங்கில மரையில் செயின் பக்கக் கப் இடது மரை, பிரெஞ்சில் இரண்டு பக்கமும் வலது மரை. ஆங்கில வண்டி பழகிய கை அதைக் கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கிவிடும். பிரெஞ்சு மரையிலேயே புதிய கார்ட்ரிட்ஜ் கிடைக்கிறது. அதையே தேடி வாங்குங்கள். ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டான ஸ்டெமும் அதில் 22.0 மி.மீ., மற்றவர்களுக்கு 22.2.

இத்தாலிய ஃப்ரேம் வைத்திருப்பவர்களுக்கு, பாட்டம் பிராக்கெட் அளவு: விட்டம் 36 மி.மீ., 70 மி.மீ. அகலம், இரண்டு பக்கமும் வலது மரை.

கேள்வி: 27 அங்குலச் சக்கரத்தை 700சி ஆக்கினால் பிரேக் எட்டுமா?

ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 27 அங்குலத்தில் 630 மி.மீ., 700சி-இல் 622 மி.மீ. ஆகவே பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பிரேக் போல்ட்டின் மையத்திலிருந்து புதிய ரிம்மின் பக்கவாட்டு நடுவரை அளந்து பாருங்கள். 47-லிருந்து 57 மி.மீ.க்குள் வந்தால் நீளக்கை பிரேக் கேலிப்பர் (ரிம்மை இருபுறமும் பிடிக்கும் பாகம்) போதும். புதிய கேலிப்பர்களுக்கு உள்ளே புதையும் நட், பழைய ஃப்ரேமில் ஓட்டை சின்னது. முன்பக்கக் கேலிப்பரின் போல்ட் நீளமானது. அதைப் பின்னால் சாதாரண நட்டோடு மாட்டிவிடலாம். பின்பக்கக் கேலிப்பரை முன்னால் மாட்ட, ஃபோர்க்கின் பின்பக்க ஓட்டையை மட்டும் 8 மி.மீ.க்குப் பெரிதாக்கி நீள நட் போட வேண்டும். முன்பக்க ஓட்டையைத் தொடாதீர்கள்.

கேள்வி: கியர் லிவரைக் குழாயிலிருந்து பிரேக் லிவருக்கு மாற்றினால் நல்லதா?

நெரிசலான ரோட்டில் கையை எடுக்காமல் கியர் மாற்றுவது பெரிய நிம்மதி. ஷிமானோ 1990இல் இதைக் கொண்டுவந்தபோது பந்தயக்காரர்கள் மாறியதும் அதற்காகத்தான். பழைய லிவர் இருந்த குமிழில் கேபிள் நிறுத்தியை மாட்டினால் போதும். ஆனால் புதிய லிவர்கள் பிரேக் கேபிளைக் கூடுதலாக இழுப்பவை. பழைய கேலிப்பரோடு சேர்த்தால் பிடி குறையும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி: டிஸ்க் பிரேக்?

வேண்டாம். பழைய ஃபோர்க்கின் மெல்லிய கால்கள் அந்த விசைக்காகச் செய்யப்படவில்லை.

கேள்வி: சீட் போஸ்ட் 27.2 போகவில்லை, 26.8 போகிறது. அதையே போடட்டுமா?

27.0 முயன்றீர்களா? இந்த அளவுகள் 0.2 மி.மீ. இடைவெளியில் வருகின்றன. குழாயின் வாய் கொஞ்சம் நசுங்கியிருந்தாலும் 27.2 போகாது. கிளாம்பைத் தளர்த்தி, வாய்க்குக் கீழே உள்விட்டத்தை இரண்டு திசையில் அளந்து பாருங்கள். சின்ன அளவைப் போட்டு இறுக்கினால் கிளாம்பின் இரு காதுகளும் உள்ளே மடங்கிவிடும், போஸ்ட்டும் நிற்காது. சரியான அளவு கிடைத்ததும் கிரீஸ் தடவிவிட்டு உள்ளே இறக்குங்கள்.