சான் டியாகோ காமிக்-கான்: அறையும் விமானமும் முடிவாவது வெள்ளி இரவை வைத்துத்தான்

கேள்வி: நாங்கள் நான்கு பேர், சிங்கப்பூரிலிருந்து முதன்முறையாகச் சான் டியாகோ காமிக்-கானுக்கு, அதாவது ஜூலையில் அமெரிக்காவில் நடக்கும் காமிக்ஸ், சினிமா, தொலைக்காட்சி ரசிகர்களுக்கான மாநாட்டுக்கு, போகிறோம். வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாளுக்கும் பேட்ஜ் (நுழைவு அட்டை) கிடைத்துவிட்டது. சனிக்கிழமை பெரிய ஸ்டுடியோக்களின் நிகழ்ச்சிகள் நடக்கும் ஹால் எச் அரங்கில் எப்படியாவது இடம் பிடிக்க வேண்டும். மாநாட்டு மையத்துக்குப் பக்கத்தில் அறை கிடைக்காவிட்டால் எந்தப் பகுதியில் தேடலாம்? கார் வாடகைக்கு எடுக்க வேண்டுமா? புதன்கிழமை வந்திறங்கி ஞாயிறு இரவே கிளம்பினால் போதுமா?

பதில்: வெள்ளிக்கிழமை இரவு உங்கள் நால்வரில் யார் வரிசையில் இருப்பது, யார் எங்கே தூங்குவது என்பதை முதலில் பேசி முடியுங்கள். அறையும் வண்டியும் விமானத் தேதியும் அதற்குப் பிறகுதான். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வரைபடத்தில் மையத்துக்கு அருகே தெரிகிற ஓட்டலைப் பிடித்துவிடுகிறார்கள். விடிகாலை மூன்று மணிக்கு அங்கிருந்து வர ரயிலும் இல்லை, பேருந்தும் இல்லை என்பது அந்த நேரத்தில்தான் தெரியவருகிறது.

ஹால் எச் அரங்கில் ஏறக்குறைய 6,500 இருக்கைகள். காமிக்-கானுக்கு வருவோர் 1,30,000 பேருக்கு மேல். அதைவிட முக்கியமான விஷயம், ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அரங்கைக் காலி செய்ய மாட்டார்கள். மாலை ஐந்து மணி நிகழ்ச்சிக்காக வந்தவரும் காலையிலேயே உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம். அதனால் உங்களுக்குப் பிடித்த நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்பதை மட்டும் வைத்து வரிசைக்குப் போகும் நேரத்தைக் கணக்கிட்டால் ஏமாந்துபோவீர்கள். அன்று முழுவதும் அந்த அரங்கில் நடக்கும் நிகழ்ச்சிகளில் கூட்டம் அதிகம் இழுப்பது எது, அது எத்தனை மணிக்கு என்று பாருங்கள். நிகழ்ச்சி நிரல் சுமார் இரண்டு வாரம் முன்னதாக நாள்வாரியாக வெளியாகும். பெரிய நிகழ்ச்சி காலையிலோ நடுப்பகலிலோ முடிந்துவிட்டால் கணிசமான கூட்டம் எழுந்து போய்விடும், பிற்பகலில் வரிசை வேகமாக நகரும். பெரிய நிகழ்ச்சி கடைசியில் இருந்தால் அன்று யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

2014 முதல் ஹால் எச் வரிசைக்குக் கைப்பட்டை முறை இருக்கிறது. மறுநாளுக்கான வரிசையில் நிற்பவர்களுக்கு முந்தின இரவு ஊழியர்கள் வந்து பட்டை கட்டுவார்கள். பட்டையை ஒருவர் மொத்தமாக வாங்கிவைக்க முடியாது. கட்டுகிற நேரத்தில் நால்வரின் நான்கு கைகளும் அங்கே இருக்க வேண்டும். அதன் பிறகு குழுவில் ஒரு பகுதியினர் அறைக்குப் போய்த் தூங்கிவிட்டு வரலாம், ஆனால் யாராவது வரிசையில் இருந்தாக வேண்டும். ஒருவர் எத்தனை பேருக்கு இடம் வைத்திருக்கலாம், போனவர்கள் காலை எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற விதிகளைக் காமிக்-கான் தளம் அந்தந்த ஆண்டுக்கு வெளியிடும். அதைப் படம் எடுத்து நால்வர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒரு மணிக்கு வரிசையில் எழும் வாக்குவாதங்களில் பாதி இந்த விதி தெரியாமல் வருபவை.

பெரிய ஸ்டுடியோ வருகிற சனிக்கிழமை என்றால் வெள்ளி காலையிலிருந்தே ஒருவராவது வரிசையில் இருப்பது நல்லது. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிகளில் பாதியை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். நால்வரும் இதற்குச் சம்மதமா என்று கிளம்புவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். வரிசை, மையத்தின் தென்கிழக்கு முனையில் ஹில்டன் பேஃபிரன்ட் ஓட்டல் பக்கமாகத் தொடங்கி, புல்வெளிப் பந்தல்களைக் கடந்து கடற்கரை ஓரமாக நீளும். ஜூலை என்று நம்பி டி-ஷர்ட்டோடு போகாதீர்கள். இரவில் 18, 19 டிகிரிக்கு இறங்கும், கடல் காற்று விடாமல் அடிக்கும், தரை ஈரமாகிவிடும். ஆளுக்கு ஒரு ஜாக்கெட், அடியில் விரிக்க ஈரம் ஏறாத ஷீட், பவர் பேங்க். இவ்வளவு போதும், பெட்டி படுக்கையோடு போனால் வரிசை நகரும்போதெல்லாம் சுமக்க வேண்டும்.

இனி அறை. பேட்ஜ் வைத்திருப்பவர்களுக்குக் காமிக்-கானின் தள்ளுபடி அறைகளை ஆன்பீக் நிறுவனம் வழியாகத் தருகிறார்கள். மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் திறந்து, விருப்ப ஓட்டல்களை வரிசைப்படுத்திப் படிவத்தை அனுப்ப வேண்டும். படிவம் திறந்த பிறகு வரைபடத்தில் ஓட்டல் தேடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். பட்டியல் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். மேலே மூன்று நான்கு நடை தூர ஓட்டல்கள், அதன் கீழே டிராலி (நகர மின்ரயில்) நிலையத்தை ஒட்டியவை. பட்டியல் முழுவதையும் மையத்தின் வாசலில் உள்ள ஓட்டல்களால் நிரப்புபவர்களுக்கு எங்கோ ஒரு மூலையில் இடம் கிடைக்கும் வாய்ப்புதான் அதிகம். நால்வரும் தனித்தனியாக முயலுங்கள். கிடைத்ததில் நல்லதை வைத்துக்கொண்டு மற்றவற்றை உடனே விட்டுவிடுங்கள், அடுத்தவருக்கு உதவும். அறை உறுதியானதும் முன்பணக் கெடு வரும், அதைத் தவறவிட்டால் அறை போய்விடும். அதே காரணத்தால் கெடுவுக்கு முந்தைய சில நாட்களில் மற்றவர்கள் விட்ட அறைகள் திரும்ப வரும். முதல் சுற்றில் கிடைக்காதவர்கள் சோர்ந்துபோகாமல் அந்த நாட்களில் காலையும் மாலையும் பாருங்கள், நல்ல இடங்கள் அப்போதும் வருகின்றன.

இரண்டு பெரிய கட்டில் உள்ள அறையா என்று பார்த்து எடுங்கள். ஒரே கட்டில் அறையில் நால்வர் என்றால் சில ஓட்டல்களில் அனுமதியே இல்லை. முன்பதிவில் இரண்டாவது ஆளின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். பதிவு செய்தவர் வரிசையில் நிற்கும்போது மற்றவர் போய்ச் சாவி வாங்க முடியும். சாவி கொடுப்பது பெரும்பாலும் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு. அதற்கு முன் வந்தால் பெட்டிகளை ஓட்டலிலேயே கொடுத்துவைக்கலாம்.

எந்தப் பகுதி என்று கேட்டால், நடை தூரம் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். கேஸ்லாம்ப் பகுதி, மையத்தை ஒட்டிய மேரியட், ஹயட், ஹில்டன், ஓம்னி எல்லாம் அந்த வகை. அது இல்லையென்றால் நாங்கள் முதலில் சொல்வது ஓல்ட் டவுன். டிராலியின் பச்சைத் தடம் ஓல்ட் டவுனிலிருந்து நேராக மாநாட்டு மைய நிலையத்துக்கும் கேஸ்லாம்ப் நிலையத்துக்கும் வருகிறது. பகலில் 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி. அதே தடத்தில் மிஷன் வேலியும் இருக்கிறது, ஓட்டல்கள் அங்கே ஏராளம். ஆனால் மிஷன் வேலி என்ற பெயரை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். அங்கே ஓட்டல் சர்க்கிள் என்ற சாலையில் உள்ள பல ஓட்டல்களுக்கும் ஃபேஷன் வேலி நிலையத்துக்கும் நடுவில் ஆறும், சில ஓட்டல்களுக்கு நெடுஞ்சாலையும் குறுக்கே வருகின்றன. வரைபடத்தில் விரல் அகலம், நடந்தால் வியர்த்துவிடும். ஓட்டல் முகவரியிலிருந்து நிலையத்துக்கு நடைபாதை வழியைப் போட்டுப் பார்த்து, பத்து நிமிடத்துக்கு மேல் காட்டினால் வேறு பாருங்கள்.

ஹார்பர் ஐலண்ட், ஷெல்ட்டர் ஐலண்ட் ஓட்டல்களும் இதே போல ஏமாற்றும். கடலோரம், அழகு, தூரமும் குறைவு. ஆனால் அங்கே டிராலி கிடையாது, காமிக்-கானின் ஷட்டில் பேருந்தையே நம்ப வேண்டும். தெற்கே நேஷனல் சிட்டி, சூலா விஸ்டா பக்கம் அறை கிடைத்தால் தயங்க வேண்டாம். டிராலியின் நீலத் தடத்தில் அடிக்கடி வண்டி உண்டு. ட்வெல்ஃப்த் அண்ட் இம்பீரியல் நிலையத்தில் இறங்கி, பார்க் பூலவார்ட் பக்கமுள்ள நடைமேம்பாலம் வழியாக வந்தால் ஹால் எச் இருக்கும் முனைக்கே வந்துசேர்வீர்கள்.

அந்த மேம்பாலத்தை நினைவில் வையுங்கள். கேஸ்லாம்ப் தெருக்களுக்கும் மையத்துக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. டிராலி மட்டுமல்ல, நீளமான சரக்கு ரயில்களும் அதில் போகும். கேட் விழுந்தால் ஆயிரக்கணக்கானோர் ஐந்தாம் அவென்யூ முனையில் நின்றுகொண்டிருப்பார்கள். மேம்பாலத்தில் ஏறினால் இந்தத் தொல்லையே இல்லை. மின்தூக்கியும் இருக்கிறது.

ஷட்டில் பேருந்து, திட்டத்தில் சேர்ந்த ஓட்டல்களிலிருந்து இலவசமாக ஓடுகிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் உங்கள் நிறுத்தம் மையத்துக்கு முந்தைய கடைசி நிறுத்தமாக இருந்தால் காலையில் வண்டி நிரம்பி வரக்கூடும். முதல் வண்டியும் கடைசி வண்டியும் எத்தனை மணிக்கு என்று உங்கள் தடத்தின் அட்டவணையில் பாருங்கள். டிராலிக்கு ப்ரான்டோ செயலி அல்லது அட்டை வேண்டும், ஆளுக்கு ஒன்று, ஏறுவதற்கு முன் தட்ட வேண்டும்.

கார் வேண்டாம். மையத்துக்கு முன்னால் ஹார்பர் டிரைவில் தனியார் வண்டிகளுக்குத் தடை போடுகிறார்கள், அருகிலுள்ள பார்க்கிங் இடங்கள் முன்கூட்டியே பதிவாகிவிடும், ஓட்டலிலும் பார்க்கிங்குக்குத் தனிக் கட்டணம். வாடகை டாக்சி கூப்பிட்டாலும் நாலைந்து தெரு தள்ளி இறங்கி நடப்பதுதான் வேகம்.

தொலைவில் அறை கிடைத்திருந்தால் வெள்ளி இரவுக்கு மட்டும் ஏற்பாட்டை மாற்றுங்கள். இருவர் இரவு முழுவதும் வரிசையில், இருவர் கடைசி டிராலிக்கு முன் அறைக்குப் போய், காலையில் டாக்சியில் திரும்புவது. நள்ளிரவில் ஆள் மாற்றும் திட்டம் நடை தூர அறைக்கு மட்டுமே சரிவரும். மற்ற மூன்று இரவுகளில் தூரம் பெரிதாகப் பாதிக்காது.

மற்ற நாட்களில் எப்போது போவது? கண்காட்சிக் கூடம் வழக்கமாக 9.30-க்குத் திறக்கும். மாடியில் உள்ள பால்ரூம் 20 அரங்கில் ஏறக்குறைய 4,900 இருக்கைகள், அதையும் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி காலி செய்வதில்லை. பெயர்பெற்ற தொலைக்காட்சித் தொடர்கள் இருந்தால் காலை 6 முதல் 7 மணிக்குள் வரிசையில் இருங்கள். இண்டிகோ பால்ரூம் என்று போட்டிருந்தால் அது மையத்துக்குள் இல்லை, ஹில்டன் பேஃபிரன்ட் ஓட்டலில் இருக்கிறது. மையத்தின் மறுகோடியில் உள்ள ஹால் ஏ முனையிலிருந்து அங்கே போகக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பேட்ஜை உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும், வெளியேறும்போது மறந்துவிடாதீர்கள். வெளிநாட்டு முகவரிக்குப் பேட்ஜ் தபாலில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உறுதிச் சீட்டின் பார்கோடும் பாஸ்போர்ட்டும் கொண்டுபோய், புதன்கிழமையே நேரில் வாங்கிவிடுங்கள். வியாழன் காலையில் அந்த வரிசையில் நிற்பது வீண்.

புதன்கிழமை வந்திறங்குவது உங்களுக்குத் தாமதம். சான் டியாகோ கோடையில் சிங்கப்பூரைவிட 15 மணி நேரம் பின்தங்கியிருக்கும். அங்கே காலை பதினொன்று என்றால் உங்கள் உடம்புக்கு விடியற்காலை இரண்டு. சரியாக ஹால் எச் நிகழ்ச்சிகள் தொடங்கும் நேரத்தில் கண் சொருகும். உடம்பு நாளொன்றுக்கு ஒரு மணி நேர அளவில்தான் பழகும். திங்கட்கிழமை வந்துவிட்டால் சனிக்குள் ஓரளவு தேறிவிடுவீர்கள். விடுப்பு கிடைக்காவிட்டால் செவ்வாய்க்கு மேல் தள்ளாதீர்கள். இரண்டு கூடுதல் இரவுக்கான செலவு கணிசம்தான், ஆனால் மாநாட்டுக்கு முந்தைய நாட்களில் ஓல்ட் டவுனிலோ மிஷன் வேலியிலோ எளிமையான அறை எடுத்துச் சமாளிக்கலாம். பசிபிக்கைத் தாண்டி வருவதால் பெரும்பாலும் கிளம்பிய தேதியிலேயே போய் இறங்குவீர்கள். அறைத் தேதி போடும்போது இதைச் சரிபாருங்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் வழியாக வந்தால் குடிநுழைவும் பெட்டி எடுப்பதும் அங்கேயே முடிய வேண்டும். அடுத்த விமானத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். அங்கிருந்து ரயிலில் வர நினைத்தால், ஆம்ட்ராக்கின் பசிபிக் சர்ஃப்லைனர் யூனியன் ஸ்டேஷனிலிருந்து சான் டியாகோவின் ரயில் நிலையமான சான்டா ஃபே டிப்போவுக்குச் சுமார் மூன்று மணி நேரத்தில் வரும். சான் கிளமென்டே பகுதியில் கடலோர மண்சரிவால் இந்தப் பாதை சில சமயம் மூடப்படுவதுண்டு, கிளம்பும் வாரத்தில் விசாரியுங்கள். டோக்கியோவின் நரிட்டாவிலிருந்து சான் டியாகோவுக்கு ஜப்பான் ஏர்லைன்ஸ் நேரடியாகப் பறக்கிறது. எங்கள் பரிந்துரை அதுதான், லாஸ் ஏஞ்சலஸ் நெரிசலையே தவிர்த்துவிடலாம். சான் டியாகோ விமான நிலையத்திலிருந்து ஓல்ட் டவுனுக்கு ஃப்ளையர் என்ற இலவசப் பேருந்தும், நகர மையத்துக்கு 992 பேருந்தும் உண்டு.

ஞாயிறன்று கண்காட்சிக் கூடம் மாலை ஐந்து மணிக்கு மூடும், விமான நிலையம் ஐந்து கிலோமீட்டருக்குள். அதனால் அன்றிரவே கிளம்ப முடியும், ஆனால் இரவு பத்தரை மணி விமானத்தைப் போடாதீர்கள். இரவு 11.30 முதல் காலை 6.30 வரை அங்கிருந்து பயணிகள் விமானங்கள் கிளம்ப அனுமதியில்லை. ஒரு மணி நேரம் தாமதமானாலே உங்கள் பயணம் மறுநாளுக்குப் போய்விடும், அந்த நேரத்தில் அறையும் கையில் இருக்காது. ஞாயிறு என்றால் எட்டரை மணிக்குள் கிளம்பும் விமானம். இல்லையென்றால் ஞாயிறு இரவும் தங்கித் திங்கள் நடுப்பகலில் கிளம்புங்கள். திங்கள் விடிகாலை வேண்டாம், ஆறரை மணிக்குத் தடை நீங்கியதும் வரிசையாக விமானங்கள் கிளம்பும் என்பதால் ஐந்து மணியிலிருந்தே பாதுகாப்புச் சோதனையில் நெருக்கடி.