அந்த எலும்புக்கு எத்தனை வயது? – கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆண்டுக் கணக்கைப் பற்றியவை. பதில்களுக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம். எந்தக் காலக்கணிப்பு முறையும் நேரடியாக 'வயதை' அளப்பதில்லை. ஏதோ ஒரு நிகழ்வு நடந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்றுதான் அளக்கிறது. ஓர் உயிர் இறந்தது, எரிமலைக் குழம்பு உறைந்தது, மணல் துகள் கடைசியாக வெயிலில் கிடந்தது, ஒரு கல் நெருப்பில் சுட்டது, இப்படி ஏதோ ஒன்று. அந்த நிகழ்வுக்கும் நம் கையில் இருக்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி உழைப்பு போகிறது.

லூசி என்ற மனித மூதாதை எலும்புக்கூட்டுக்கு வயது சுமார் 32 லட்சம் ஆண்டு என்கிறார்கள். கார்பன் டேட்டிங் 50 ஆயிரம் ஆண்டுக்கு மேல் உதவாது என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படிச் சரியாகும்?

இரண்டும் சரிதான். லூசியின் வயது கார்பனை வைத்துக் கணித்ததல்ல.

ஓர் உயிர் இறந்ததும் அதன் உடலில் உள்ள கார்பன்-14 குறையத் தொடங்குகிறது. 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிறது. பத்து முறை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அந்த நிலையில் வெளியிலிருந்து ஒட்டிய சிறு அழுக்கே கணக்கைக் கெடுத்துவிடும். கார்பன்-14 அறவே தீர்ந்துபோன ஒரு பழைய எலும்பில் நூற்றில் ஒரு பங்கு புதிய கார்பன் கலந்துவிட்டால், அதன் வயது ஏறக்குறைய 37 ஆயிரம் ஆண்டு என்று வரும். டைனோசர் எலும்பில் கார்பன்-14 கிடைத்தது என்று அவ்வப்போது பரவும் செய்திகளைப் படிக்கும்போது இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

லூசி 1974-ல் எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில் கிடைத்தாள். அங்கே மண் அடுக்குகளுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் அடுக்குகள் உண்டு. சாம்பலில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் படிகங்களில் பொட்டாசியம் இருக்கும். அதில் மிகச் சிறு பங்கு கதிரியக்கம் கொண்ட பொட்டாசியம்-40. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 125 கோடி ஆண்டு. அது சிதையும்போது ஒரு பகுதி ஆர்கான் வாயுவாக மாறுகிறது. பாறை குழம்பாக இருக்கும்வரை அந்த வாயு வெளியேறிவிடும். உறைந்து படிகமான பிறகு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஆகவே சிக்கிய ஆர்கானை அளந்தால் எரிமலை எப்போது வெடித்தது என்று தெரியும். ஹடாரில் அப்படி ஒரு சாம்பல் அடுக்குக்கு 31.8 லட்சம் ஆண்டு வந்தது. லூசி கிடந்தது அதற்குச் சற்று மேலே. எனவே அவள் அதைவிடக் கொஞ்சம் இளையவள்.

தான்சானியாவின் லாயெட்டோலி காலடித் தடங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. சுமார் 36.6 லட்சம் ஆண்டுகளுக்கு முன் புதிதாக விழுந்த ஈரச் சாம்பலின் மேலேயே இரண்டு காலில் நடந்து போயிருக்கிறார்கள். அங்கே சாம்பலின் வயதும் அந்த நடையின் வயதும் கிட்டத்தட்ட ஒன்றே. மேலே, கீழே என்ற இடைவெளிக் கணக்கே வேண்டாம். இப்படி அமைவது மிக அரிது.

ஆர்கான் கணக்கு சரி என்று எப்படித் தெரியும்? 30 லட்சம் ஆண்டுக்கு முன் யாரும் அங்கே நின்று பார்க்கவில்லையே?

நியாயமான கேள்வி. அதனால்தான் மனிதர்கள் நேரில் பார்த்து எழுதிவைத்த ஒரு வெடிப்பில் இதைச் சோதித்தார்கள். கி.பி. 79-ல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் பொம்பெயி நகரத்தை மூடியது. அந்த எரிமலைப் பொருளை ஆர்கான்-ஆர்கான் என்ற, இதே முறையின் மேம்பட்ட வடிவத்தில் அளந்து 1997-ல் முடிவை வெளியிட்டார்கள். வந்த விடை 1,925 ஆண்டு, பிழை எல்லை 94 ஆண்டு. உண்மையில் கடந்திருந்தது 1,918 ஆண்டு. 125 கோடி ஆண்டு அரை ஆயுள் கொண்ட ஒரு தனிமத்தை வைத்து இரண்டாயிரம் ஆண்டுக்கு உட்பட்ட நிகழ்வை இவ்வளவு நெருக்கமாகப் பிடித்திருக்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

உயிரோடு இருக்கும் நத்தைக்கே ஆயிரக்கணக்கான ஆண்டு வயது காட்டியதாமே? அப்படியானால் கார்பன் முறை பொய்தானே?

காட்டியது உண்மை. முறை பொய்யல்ல. சில நன்னீர் நத்தைகள் தண்ணீரில் கரைந்த சுண்ணாம்புக்கல்லின் கார்பனை எடுத்து ஓட்டைக் கட்டிக்கொள்கின்றன. அந்தக் கார்பன் ஏற்கெனவே மிகப் பழையது. கடல் உணவையே தின்று வாழ்ந்தவர்களின் எலும்பும் இதே போலச் சில நூறு ஆண்டுகள் கூடுதலாகக் காட்டும். ஆய்வகங்கள் இதை அறிந்தே திருத்தம் போடுகின்றன. மர வளையங்களையும் ஏரி அடிப்படிவுகளையும் வைத்து அளவைச் சரிபார்க்கவும் செய்கின்றன.

பாறையின் வயதைப் புதைபடிவத்தை வைத்தும், புதைபடிவத்தின் வயதைப் பாறையை வைத்தும் சொல்கிறார்கள். இது சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருவதல்லவா?

அப்படித் தோன்றும். ஆனால் இரண்டும் தனித்தனிச் சாட்சிகள். அவை முரண்பட்டபோது என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

கென்யாவில் துர்கானா ஏரியின் கிழக்கே கே.பி.எஸ். என்ற சாம்பல் அடுக்கு இருக்கிறது. 1969-ல் அதன் முதல் மாதிரியை அளந்தபோது 22 கோடி ஆண்டு போல வந்தது. பழைய பாறைத் துணுக்குகள் கலந்திருந்தன. படிகங்களைப் பொறுக்கி எடுத்து மறுபடி அளந்ததில் 26 லட்சம் ஆண்டு வந்தது. 1972-ல் புதைபடிவ ஆய்வாளர் ரிச்சர்ட் லீக்கியின் குழுவைச் சேர்ந்த பெர்னார்ட் இங்கெனியோ அந்த அடுக்குக்குக் கீழே 1470 என்ற எண்ணால் அறியப்படும் மண்டையோட்டைக் கண்டெடுத்தார். மூளை பெரியது. வயது 29 லட்சம் ஆண்டு என்று அறிவித்தார்கள். அது உண்மையானால் நம் ஹோமோ பேரினத்தின் வரலாற்றையே திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

சிக்கலைக் கிளப்பியவை பன்றிகள். ஆப்பிரிக்கப் பன்றிகளின் கடைவாய்ப் பற்கள் காலப்போக்கில் நீண்டுகொண்டே வந்தன. அந்த அடுக்குக்குக் கீழே கிடைத்த பன்றிப் பற்கள், எத்தியோப்பியாவின் ஓமோ பகுதியில் சுமார் 20 லட்சம் ஆண்டு அடுக்கில் கிடைத்தவற்றோடு ஒத்துப்போயின. புதைபடிவப் பன்றிகளை ஆராய்ந்த பேசில் குக் இதை எடுத்துக் காட்டினார். அப்புறம் பல ஆண்டுகள் கடும் வாக்குவாதம். வெவ்வேறு ஆய்வகங்கள் புதிதாக அளந்தன. கடைசியில் சாம்பலுக்கு 18.8 லட்சம் ஆண்டு என்று முடிவானது. மண்டையோட்டின் வயது சுமார் 20 லட்சமாக இறங்கியது.

இரண்டு முறைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் வட்டமாக இருந்திருந்தால் இந்தத் தவறு வெளியே வந்திருக்கவே முடியாது. பன்றிக்கு ஆர்கான் தெரியாது, ஆர்கானுக்குப் பன்றி தெரியாது. அதனால்தான் பிடிபட்டது.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்குகள் ஏன் இன்னும் இருக்கின்றன?

இன்று வாழும் எந்தக் குரங்கிலிருந்தும் நாம் வரவில்லை. சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான ஒரு மூதாதை இருந்தது. கிளை பிரிந்த பிறகு அவையும் அதே அளவு காலம் தங்கள் வழியில் மாறி வந்திருக்கின்றன.

ராமாபிதேகஸ்தான் முதல் மனித மூதாதை என்று பள்ளியில் படித்தேன். இப்போது அந்தப் பெயரே காணோமே?

பலர் மனதில் இன்னும் இருக்கும் பெயர் இது. 1932-ல் சிவாலிக் மலைப் பகுதியில் எட்வர்ட் லூயிஸ் ஒரு மேல்தாடைத் துண்டைக் கண்டெடுத்து இந்தப் பெயரைச் சூட்டினார். 1960-களில் எல்வின் சைமன்ஸ், டேவிட் பில்பீம் என்ற ஆய்வாளர்கள் அந்தத் தாடை மனிதத் தாடை போல வளைந்திருந்தது என்று கருதினார்கள். மனித வழி 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது என்ற கருத்து நிலைத்தது. பாடநூல்களுக்கும் போனது.

1967-ல் வின்சென்ட் சாரிச்சும் ஆலன் வில்சனும் இரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் ஆப்பிரிக்க மனிதக்குரங்குகளும் பிரிந்து 50 லட்சம் ஆண்டுதான் ஆயிற்று என்றார்கள். எலும்பைப் படித்தவர்கள் பலர் ஏற்கவில்லை. பிறகு பாகிஸ்தானின் போட்வார் பீடபூமியில் ராமாபிதேகஸை ஒத்த சிவாபிதேகஸ் என்ற மனிதக்குரங்கின் முகப்பகுதி கிடைத்தது. பார்த்தால் மனிதச் சாயல் அல்ல, ஆசிய மனிதக்குரங்கான ஒராங்உட்டானின் சாயல் அப்படியே இருந்தது. ராமாபிதேகஸ் சிவாபிதேகஸோடு சேர்ந்துவிட்டது, அதனால்தான் தனிப் பெயராக இப்போது காணோம். அதை மனித வழியில் வைத்த பில்பீமே தன் கருத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்டார். அறிவியலில் நான் மிகவும் மதிக்கும் செயல்களில் அது ஒன்று.

இப்படிப் புரத, மரபணு வேறுபாடுகளை வைத்துக் காலம் கணிக்கும் மரபணுக் கடிகாரம் எப்போதும் சரி, எலும்பு தவறு என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கடிகாரத்தின் வேகத்தை நிர்ணயிக்கவே வயது தெரிந்த புதைபடிவம் தேவை. சாரிச்சும் வில்சனும் பழைய உலகக் குரங்குகளும் (ஆப்பிரிக்க, ஆசிய வால் குரங்குகள்) மனிதக்குரங்குகளும் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்று வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். இன்று சிம்பன்சியிடமிருந்து நாம் பிரிந்த காலத்தை 60, 70 லட்சம் ஆண்டு அல்லது அதற்குச் சற்று முன் என்று வைக்கிறார்கள்.

குகையில் எரிமலைச் சாம்பல் இருக்காதே. அங்கே என்ன செய்வார்கள்?

குகைச் சுவரில் வழிந்து படியும் சுண்ணாம்புப் படிவில் சிறிதளவு யுரேனியம் இருக்கும். அது தோரியமாக மாறும் அளவை வைத்துப் படிவு எப்போது உருவானது என்று சொல்லலாம். பல்லின் எனாமலில் கதிரியக்கத்தால் சிக்கிய எலக்ட்ரான்களையும் அளக்கலாம்.

தென்னாப்பிரிக்காவின் ரைசிங் ஸ்டார் குகையில் 2013-ல் கிடைத்த ஹோமோ நலேடி நல்ல எடுத்துக்காட்டு. மூளை மிகச் சிறியது. உருவத்தை மட்டும் பார்த்து 20 லட்சம் ஆண்டுகூட இருக்கலாம் என்று பேசப்பட்டது. 2017-ல் இந்த முறைகளால் கிடைத்த விடை 3 லட்சத்து 35 ஆயிரத்துக்கும் 2 லட்சத்து 36 ஆயிரத்துக்கும் இடையில். அதாவது நம் இனம் தோன்றிய காலத்தில் அவர்களும் இருந்திருக்கிறார்கள். பழையது போலத் தெரிவதெல்லாம் பழையதல்ல.

அப்படியானால் நியண்டர்தால் மனிதர் நம் முன்னோரா, இல்லையா?

ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழ்ந்து மறைந்த மனிதர்கள் அவர்கள். நேரடி முன்னோர் என்று சொல்ல முடியாது, நம் முன்னோரோடு கலந்தவர்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர் கொண்ட மக்களின் மரபணுவில் சுமார் 2 சதவீதம் அவர்களிடமிருந்து வந்தது.

மண் தோண்டும்போது பழைய எலும்பு மாதிரி ஏதாவது கிடைத்தால் எடுத்துக் கழுவி வைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். கிடக்கும் நிலையிலேயே, சுற்றியுள்ள மண் அடுக்கும் தெரியும்படி படம் எடுங்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்கோ புவியியல் துறைக்கோ தெரிவியுங்கள்.

மொராக்கோவின் ஜெபல் இர்ஹூடில் 1961-ல் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு மண்டையோட்டை எடுத்தார்கள். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பது சரியாகப் பதிவாகவில்லை. சுமார் 40 ஆயிரம் ஆண்டு என்று நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். பின்னர் 2004 முதல் அதே இடத்தில் மிச்சமிருந்த அடுக்கைக் கவனமாகத் தோண்டியதில் மேலும் எலும்புகளும், அவற்றோடு நெருப்பில் சுட்ட சக்கிமுக்கிக் கற்களும் கிடைத்தன. ஒரு கல் கடைசியாக எப்போது சூடேறியது என்பதை வெப்ப ஒளிர்வு முறையில் அளக்க முடியும். 2017-ல் வெளியான விடை ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டு. ஹோமோ சேபியன்ஸ் வழியில் இப்போதைக்கு மிகப் பழையவர்களாக அவர்களைத்தான் பலர் கருதுகிறார்கள். அந்தக் கொஞ்ச மண்ணும் சுரங்கத்தோடு போயிருந்தால் அவர்கள் இன்னும் 40 ஆயிரத்திலேயே நின்றிருப்பார்கள்.