ஒரு கோடி நைராவைக் கடனாகப் போட்டுக் காட்டினால் விசா கிடைக்குமா?

கேள்வி: லாகோஸில், இக்கெஜா பகுதியில் உள்ள ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என்னுடன் பணிபுரியும் நைஜீரிய நண்பருக்கும் அவர் மனைவிக்கும் அடுத்த ஆண்டு திருமணமாகிப் பத்தாண்டு நிறைகிறது. அதற்காக லண்டனும் பாரிஸும் பத்து நாள் சுற்றிவர ஆசைப்படுகிறார்கள். மனைவி பலோகுன் சந்தையில் துணிக்கடை வைத்திருக்கிறார். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். கணவன் மனைவி இருவருமே இதுவரை வெளிநாடு போனதில்லை. ஒரு ஏஜென்ட், “கணக்கில் ஒரு கோடி நைரா இல்லாவிட்டால் விசா கிடைக்காது. நானே ஒரு மாதத்துக்குப் போட்டு வைக்கிறேன், வட்டி மட்டும் கொடுங்கள்” என்கிறாராம். இதைச் செய்யலாமா? வேறு என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: செய்ய வேண்டாம். அந்த ஏஜென்ட்டுக்கு இன்றே ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பிரிட்டனின் பார்வையாளர் விசா விதிகளில் கணக்கில் இத்தனை பவுண்டு இருக்க வேண்டும் என்று ஒரு தொகை எங்குமே இல்லை. பயணச் செலவுக்குப் போதுமான பணம் இருக்க வேண்டும், அந்தப் பணம் உங்களுடையது என்பது தெரிய வேண்டும், பயணம் முடிந்ததும் திரும்பிவிடுவீர்கள் என்ற நம்பிக்கை வர வேண்டும். அவர்கள் பார்ப்பது இதைத்தான். ஒரு கோடி என்ற எண்ணை ஏஜென்ட் தன் வட்டிக்காகச் சொல்கிறார்.

சுற்றுலா விசா விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் நேர்காணல் கிடையாது. உங்கள் நண்பரை ஒருமுறைகூடப் பார்க்காத அதிகாரி ஒருவர், தாள்களை மட்டும் வைத்து முடிவு செய்வார். மாதம் ஆறு லட்சம் நைரா வரும் கணக்கில் திடீரென்று ஒரு நாள் ஒரு கோடி விழுந்தால், அவர் கண் நேராக அந்த வரியில்தான் போய் நிற்கும். ‘இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று விளக்கப்படவில்லை’ என்ற வாக்கியத்தை நிராகரிப்புக் கடிதங்களில் நான் பார்த்த அளவுக்கு வேறெதையும் பார்த்ததில்லை. கடன் வாங்கிய பணத்தைச் சொந்தச் சேமிப்பு என்று எழுதி அது பிடிபட்டால் நிலைமை இன்னும் மோசம். ஏமாற்று என்று தீர்மானித்துவிட்டால் பிரிட்டன் 10 ஆண்டுகள் வரை விண்ணப்பங்களை மறுக்கும். ஒரு பத்து நாள் பயணத்துக்காக அந்த ஆபத்தை ஏற்க வேண்டுமா?

இன்னொன்றையும் உங்கள் நண்பர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாடு போய் அங்கேயே தங்கிவிடுவதை நைஜீரியாவில் இன்று எல்லோரும் ‘ஜாபா’ என்கிறார்கள். தப்பி ஓடுவதைக் குறிக்கும் யோருபாச் சொல் அது. 2023 ஜூனில் நைராவின் மதிப்பைச் சந்தையிடம் விட்டபோது டாலருக்கு 460 என்று இருந்தது அடுத்த ஆண்டிலேயே 1,500ஐத் தாண்டிவிட்டது. வாழ்நாள் சேமிப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியவர்கள் ஊரைவிட்டுக் கிளம்ப நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் அதன் சந்தேகம், உண்மையாகவே சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர் மீதும் விழுகிறது. நேர்மையான ஒரு தம்பதி இதைச் சுமக்க வேண்டியிருப்பது எனக்கு வருத்தம்தான். ஆகவே ‘திரும்பி வருவோம்’ என்பதை வாயால் சொல்வதைவிடத் தாள்களால் காட்ட வேண்டும்.

நல்லவேளையாக அந்தத் தாள்களில் பாதி உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது. நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பதால் நேரடியாக உதவலாம். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் பதவி, சேர்ந்த தேதி, சம்பளம், ஒப்புதலான விடுப்பு நாட்கள், திரும்பி வேலையில் சேரும் தேதி ஆகியவற்றோடு ஒரு கடிதம் வேண்டும். இதில் பலரும் கவனிக்காமல் விடும் ஓர் இடம் உண்டு. கடிதத்தில் மொத்தச் சம்பளம் 7 லட்சம் என்று இருக்கும், வங்கியில் விழுவதோ 5 லட்சத்துச் சொச்சமாக இருக்கும். உங்களுக்கு அது வரியும் பென்ஷனும் போக மிஞ்சியது என்று தெரியும், லண்டன் விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்குத் தெரியாது. பிடித்தங்களைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள், ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளையும் இணையுங்கள். 2014 பென்ஷன் சட்டப்படி ஊழியர் 8 சதவீதமும் நிறுவனம் 10 சதவீதமும் குறைந்தபட்சம் கட்டுவதால், நண்பருக்கு ஒரு பென்ஷன் கணக்கு இருக்க வேண்டும். அதன் அறிக்கையைப் பென்ஷன் நிதி நிறுவனத்திடம் கேட்டு வாங்கலாம். பல ஆண்டுகளாக மாதம் தவறாமல் பணம் ஏறியிருக்கும் அந்த அறிக்கை, வேலை நிலையானது என்பதற்கு வெளியாள் ஒருவர் தரும் சாட்சி. இதை இணைப்பவர்கள் மிகக் குறைவு. என்னைக் கேட்டால் வேலைக் கடிதத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

மனைவியின் துணிக்கடைக்குத்தான் கூடுதல் உழைப்பு தேவைப்படும். கடை பெயரில் பதிவுச் சான்றிதழ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் நிறுவனப் பதிவு ஆணையத்தில் வணிகப் பெயராகப் பதிவு செய்துகொள்ளலாம், ஆனால் நேற்றுப் பதிந்த சான்றிதழ் பல ஆண்டு வியாபாரத்துக்குச் சான்றாகாது. கடை வாடகை ரசீதுகள், சந்தைச் சங்கத்துக்குக் கட்டிய சந்தா, சரக்கு வாங்கிய பில்கள், வரி கட்டிய சான்று, இவைதான் பழைய கதையைச் சொல்லும். பலோகுனில் இப்போது டிரான்ஸ்ஃபரும் கார்டு தேய்க்கும் பிஓஎஸ் மெஷினும் நிறையப் புழங்குவதால் வரவில் ஒரு பகுதி வங்கியில் பதிந்திருக்கும். ரொக்கமாக வருவதையும் இன்றிலிருந்து வாரம் ஒருமுறையாவது கணக்கில் போட்டுவரச் சொல்லுங்கள். கடைக் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒன்றாகவே ஓடினால், எது வியாபாரப் பணம், எது சொந்தப் பணம் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைக்க வேண்டும்.

அப்புறம் ‘அஜோ’. நம் ஊர்ச் சீட்டுதான் அது. சந்தைப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஆளுக்கு இத்தனை என்று போட்டு, முறை வைத்து ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்வார்கள். அவர் மனைவியும் அதில் இருக்க நிறைய வாய்ப்புண்டு. தன் முறை வந்து 30 லட்சம் எடுத்துக் கணக்கில் போட்டால், அது நியாயமான பணம். தாளில் பார்க்கும்போது மட்டும், ஏஜென்ட் போட்ட கடன் பணத்துக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது! என்னிடம் வந்த ஒரு தம்பதி இதனாலேயே ஒருமுறை நிராகரிக்கப்பட்டார்கள். இரண்டாம் முறை, சீட்டை நடத்தும் ‘அலாஜோ’விடம் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வாங்கினோம். உறுப்பினர் எத்தனை பேர், மாதம் எவ்வளவு, இவர் முறை எப்போது வந்தது என்று நான்கே வரி. கூடவே வங்கி அறிக்கையில் மாதா மாதம் சீட்டுக்குப் போன தொகைகளை மார்க்கரால் குறித்தோம். அந்த முறை கிடைத்தது. வேறு தாள்களையும் சீர்செய்திருந்தோம் என்பதால் இது ஒன்றால்தான் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதல் நிராகரிப்பில் எழுப்பிய கேள்விக்கு விடை இதுதான்.

பயணத் திட்டத்துக்கு வருவோம். லண்டனும் பாரிஸும் வரைபடத்தில் பக்கம்தான், விசாவில் அவை இரண்டு உலகம். பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஒரே விசா ஏற்பாடு ஷெங்கன். பிரிட்டன் அதில் இல்லை. இரண்டு விண்ணப்பம், இரண்டு கட்டணம், இரண்டு முறை கைரேகை. பாரிஸ் விசாவை நிராகரித்தால், பிரிட்டன் விண்ணப்பத்தில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் பயணத்துக்கு ஒரே ஊரைத் தேர்ந்தெடுத்து ஏழு நாளாகச் சுருக்கலாம் என்பது என் கருத்து. செலவும் வருமானமும் பொருந்துகிறதா என்பதையும் அதிகாரி பார்ப்பார். மாதம் 6 லட்சம் வாங்குபவர் ஒன்றரைக் கோடியில் ஊர் சுற்றுகிறேன் என்றால், பணம் உண்மையாகவே இருந்தாலும் புருவம் உயரும்.

லண்டன் என்றால் விண்ணப்பம் பிரிட்டன் அரசின் இணையதளத்தில், ஆளுக்கு ஒன்று. ஆறு மாத விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டு ஆனது. பவுண்டுக்குச் சுமார் 2,000 நைரா என்று வைத்தால் இருவருக்கும் 5 லட்சம் நைரா. நிராகரித்தால் இது திரும்பி வராது. கட்டணம் அடிக்கடி ஏறுவதால் கட்டும் நாளில் அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பயணத் தேதிக்கு 3 மாதம் முன்னால்தான் விண்ணப்பிக்க முடியும். கைரேகை கொடுத்தபின் முடிவு வர வழக்கமாக 3 வாரம். விசா வரும்முன் விமான டிக்கெட் வாங்கவே வேண்டாம்.

பாரிஸ் என்றால் கட்டணம் 90 யூரோ, 2024 ஜூன் 11 முதல். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து, கடைசியாக 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். கோடைக்கால நேர ஒதுக்கீடு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் முந்திக்கொள்ள வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட் பத்தாண்டுக்குள் கொடுத்ததாகவும், திரும்பும் தேதிக்குப் பின் 3 மாதம் செல்லத்தக்கதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்க வேண்டும். பணத்துக்கு இங்கே ஓர் அளவும் உண்டு. ஹோட்டல் பதிவு இருந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120 யூரோ என்று பிரான்ஸ் எதிர்பார்க்கிறது. விமானப் பதிவும் ஹோட்டல் பதிவும் கேட்பார்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையிலேயே போடுங்கள்.

இவற்றுக்குப் பதிலாக அமெரிக்கா போகலாமா என்று யோசித்தால், அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 2025 ஜூலையில் நைஜீரியர்களுக்கான சுற்றுலா விசாவை மூன்று மாதம், ஒரே நுழைவு என்று சுருக்கினார்கள். அந்த டிசம்பரில் வந்த ஆணை அதையும் 2026 ஜனவரி முதல் நிறுத்திவைத்தது.

இருவரிடமும் பாஸ்போர்ட்டே இல்லையென்றால் அதுதான் முதல் வேலை. 2025 செப்டம்பர் முதல் 32 பக்க, ஐந்தாண்டு பாஸ்போர்ட்டுக்கு 1 லட்சம் நைரா, 64 பக்க, பத்தாண்டுக்கு 2 லட்சம். முடிந்தால் பத்தாண்டே எடுக்கட்டும். தேசிய அடையாள எண்ணில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டோடு ஒத்திருக்கிறதா என்று முன்பே சரிபாருங்கள். மனைவி பிறந்த வீட்டுப் பெயரில் பாஸ்போர்ட் வைத்திருந்தால் தவறில்லை. கல்யாணம் ஊர் முறைப்படி மட்டும் நடந்து, பதிவுச் சான்றிதழ் இல்லாமல் இருந்தாலும் சுற்றுலா விசாவுக்கு அது தடையாகாது. இரண்டையும் விளக்கக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த விளக்கக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எங்கே தங்குவது, மொத்தச் செலவு எவ்வளவு, அதில் யார் எவ்வளவு போடுகிறார்கள், பிள்ளைகள் அந்த நாட்களில் யாரிடம் இருப்பார்கள் என்பவை போதும். பிள்ளைகள் பாட்டியிடம் இருப்பார்கள் என்றால் அதை எழுதி, அடுத்த பருவத்துக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிய ரசீதை இணையுங்கள். ஊரில் விட்டுச்செல்லும் வாழ்க்கைக்கு அதைவிடத் தெளிவான தாள் கிடையாது.

பயண அனுபவம் இல்லாதது குறைதான், குற்றமல்ல. நேரமும் பணமும் இருந்தால் முதலில் அக்ரா போய் வரலாம். மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு நாடான கானாவுக்கு நைஜீரியர் விசா இல்லாமலே 90 நாள் வரை போகலாம், பாஸ்போர்ட்டோடு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையும் வேண்டும். ஆனால் போகாமலேயே எல்லை முத்திரை குத்தித் தருகிறேன் என்பவர்கள் பக்கமே போகக் கூடாது. அதுவும் ஏமாற்றுதான்.

விண்ணப்பம் நிரப்ப உதவி தேவைப்பட்டால் ஏஜென்ட்டை வைத்துக்கொள்ளட்டும், தப்பில்லை. மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் மட்டும் நண்பருடையதாகவே இருக்க வேண்டும். ஏஜென்ட் தன் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டதால், தன் நிராகரிப்புக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமலே அடுத்த விண்ணப்பம் போட்டவர்களை எனக்குத் தெரியும். அனுப்பும் முன் ஒவ்வொரு பதிலையும் நண்பரே படிக்க வேண்டும். தவறான பதிலை ஏஜென்ட் எழுதினாலும் பழி விண்ணப்பித்தவர் மீதுதான்.

ஒருவேளை நிராகரித்தால்? பிரிட்டன் பார்வையாளர் விசாவுக்குப் பொதுவாக மேல்முறையீடு கிடையாது, மறுபடி விண்ணப்பிக்கலாம். ஷெங்கன் நாடுகளில் மேல்முறையீட்டு உரிமை உண்டு, அதற்கான கெடு கடிதத்திலேயே இருக்கும். எதுவானாலும் கடிதத்தில் சொன்ன காரணத்தைச் சரிசெய்யாமல் அடுத்த வாரமே அதே தாள்களை மறுபடி அனுப்பாதீர்கள்.

வங்கி அறிக்கை ஆறு மாதத்துக்குக் காட்டுவது நல்லது. பயணம் அடுத்த ஆண்டுதான் என்பதால் அந்த ஆறு மாதத்தை ஒழுங்காக அமைத்துக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது. ரொக்கத்தை வங்கியில் போடுவதை இந்த வாரமே தொடங்கட்டும். அஜோவில் அவர் மனைவியின் முறை எந்த மாதம் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அது விண்ணப்பத்துக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்பதைப் பார்த்து விளக்கக் கடிதத்தின் பண விவரத்தை எப்படி எழுதலாம் என்று சொல்கிறேன்.